தைலமும் தீநீரும் வடிக்கையில் சூடு தவறினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வீட்டு வாலையில் (வடிகலத்தில்) ஓமம், எலுமிச்சைப் புல், ரோஜா, தைலமர இலை வடிக்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்?" என்பதைத்தான். கோளாறுகளில் பாதி அந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கிறது. நீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு டிகிரி நம் கையில் இல்லை. அடுப்பைக் கூட்டினால் ஆவி அதிகமாகும், சூடு ஏறாது. எலுமிச்சைப் புல்லின் வாசப்பொருளான சிட்ரால் தனியாகக் கொதிக்க ஏறத்தாழ 229 டிகிரி செல்சியஸ் வேண்டும். தைல இலையின் சினியோலுக்கு 176. ஓமத்தின் தைமாலுக்கு 232. ஆனாலும் மூன்றும் நீராவியோடு சேர்ந்து 100-க்குக் கீழேயே வந்துவிடுகின்றன. நீரின் ஆவியழுத்தமும் எண்ணெயின் ஆவியழுத்தமும் கூடி வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டினாலே கலவை கொதித்துவிடும் என்பதுதான் காரணம்.

ஆகவே வடிப்பவர் கவனிக்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை மி.லி. வடிகிறது, வெளிவரும் நீர் என்ன சூட்டில் இருக்கிறது, எவ்வளவு நேரம் ஓட்டுகிறோம் என்பவற்றை. சித்த மருத்துவ மரபும் எரிப்பைத் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி (சிறு தீ, நடுத்தரத் தீ, பெருந்தீ) என்று சுடரின் அளவை வைத்துத்தான் பிரித்தது. வெப்பமானி இல்லாத காலத்துக் குறை என்று அதைத் தள்ளிவிட வேண்டாம். வாலைக்கு இன்றும் சரியான அளவுகோல் அதுதான்.

கீழே வரும் கணக்குகள் ஒரே அமைப்புக்கானவை: 15 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் (மூடியோடு 3 கிலோ), அடியில் 28 டிகிரியில் 4 லிட்டர் நீர், நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே துளைத்தட்டு, அதன்மேல் நறுக்கிய எலுமிச்சைப் புல் 1.5 கிலோ, மூடியிலிருந்து 10 மி.மீ. செம்புக் குழாய், 20 லிட்டர் வாளிக்குள் 3 மீட்டர் சுருள். உங்கள் பாத்திரம் வேறு அளவென்றால் விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

இங்கே பேசுவது மூலிகையையும் நீரையும் மட்டும். நொதித்த எதையும் உரிமமின்றி வடிப்பது 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதோடு ஆல்கஹால் ஆவியை அடுப்பருகே கையாளும் ஆபத்து முற்றிலும் வேறு ரகம்.

கொதிக்கவே அரை மணிக்கு மேல் ஆகிறது

எவ்வளவு ஆக வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 4 லிட்டர் நீரை 28-லிருந்து 100-க்கு ஏற்ற ஏறத்தாழ 1,200 கிலோஜூல், புல்லுக்கு 380, பாத்திரத்துக்கு 110. ஆக 1,700 கிலோஜூல். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பில் 85% பாத்திரத்துக்குள் போகிறது என்று வைத்தால் 17 நிமிடம். 1,000 வாட்டில் 35 நிமிடம். பாத்திரத்தின் பக்கங்களில் போகும் சூட்டையும் சேர்த்தால் 40. அதற்குள் கொதித்துவிட்டால் கோளாறு எதுவும் இல்லை.

நேற்று 17 நிமிடத்தில் கொதித்தது இன்று 25 ஆனால், ஹாட் பிளேட்டோ நீரில் மூழ்கும் ஹீட்டரோ வைத்திருப்பவர்கள் வோல்டேஜைப் பாருங்கள். ஹீட்டரின் வாட் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230 வோல்டில் 2,000 வாட் தரும் ஹீட்டர், மாலை நேரத்தில் லைன் 190-க்கு இறங்கினால் சுமார் 1,365 வாட்தான் தரும். மூன்றில் ஒரு பங்கு போயிற்று. காலையில் வடித்த அளவை மாலையில் எதிர்பார்க்கக் கூடாது. 2,000 வாட் ஹீட்டரை 16 ஆம்பியர் பிளக்கில், எர்த் உள்ள இணைப்பில் மட்டுமே போடுங்கள். 6 ஆம்பியர் பிளக் சூடேறி உருகத் தொடங்கலாம்.

நேரத்தைக் குறைக்க நல்ல வழி, நீரைத் தனியாகக் கொதிக்கவைத்து ஊற்றிவிட்டு, பிறகு தட்டையும் புல்லையும் வைத்து மூடுவது. வெதுவெதுப்பில் அரை மணி கிடக்கும் இலை வெந்த கீரை வாடை பிடித்துவிடும். அந்த வாடை தீநீரிலும் (வடிந்து வரும் மணநீரிலும்) இறங்கும்.

கொதிக்கும் சத்தம் கேட்கிறது, ஒரு சொட்டும் வரவில்லை

நீர் கொதிப்பதற்கும் முதல் சொட்டுக்கும் இடையே 5 முதல் 10 நிமிட இடைவெளி இயல்பு. ஆவி முதலில் இலைப்படுகை முழுவதையும் சூடாக்க வேண்டும், பிறகு மூடியை, பிறகு குழாயை. குழாயின்மேல் ஈரத்துணியைச் சற்றே ஒற்றிப் பார்த்தால் சூடு எதுவரை வந்திருக்கிறது என்று தெரியும். மூடியருகே சுட்டு, ஒரு சாண் தள்ளிக் குளிர்ந்திருந்தால் ஆவி வந்துகொண்டிருக்கிறது, பொறுங்கள்.

15 நிமிடம் கடந்தும் சூடு நகரவில்லை என்றால் ஆவி வேறு வழியாகப் போகிறது. ஃபிரிட்ஜில் வைத்த எவர்சில்வர் கரண்டியின் முதுகை மூடியின் விளிம்பைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோங்கள். எந்த இடத்தில் பனி படிகிறதோ அங்கே கசிவு. சிலிக்கான் காஸ்கட் இருந்தால் புரட்டிப் போடுங்கள். இல்லையென்றால் கோதுமை மாவைச் சப்பாத்திப் பதத்துக்கு இறுக்கிப் பிசைந்து விரலளவு உருட்டி விளிம்பில் ஒட்டுங்கள். பழைய வைத்தியர்களின் சீலைமண் (மண் பூசிய துணிச்சுற்று) செய்யும் வேலையை அது சுத்தமாகச் செய்யும். காய்ந்து வெடித்தால் ஈரக் கையால் தடவிவிட்டால் போதும். மாவுப்பசைக்கு இன்னொரு நன்மை உண்டு: உள்ளே அழுத்தம் ஏறினால் அதுதான் முதலில் பிய்த்துக்கொள்ளும். அதனால் மூடியைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்ட வேண்டாம்.

கசிவும் இல்லையென்றால் உயரமான மூடியும் வெளியே நீண்டிருக்கும் குழாயும் காற்றில் குளிர்ந்து, ஆவி உள்ளேயே நீராகித் திரும்ப விழுகிறது. மின்விசிறிக்கு நேராக வாலையை வைத்தால் இது நிச்சயம் நடக்கும். மூடிக்கு மேல் பருத்தித் துண்டைச் சுற்றுங்கள். கேஸ் அடுப்பில் வைத்திருப்பவர்கள் துணியின் நுனி பாத்திரத்தின் பக்கவாட்டில் தொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொட்டு வருகிறது, நிற்கிறது, திடீரென்று கொட்டுகிறது

இண்டக்ஷன் அடுப்பில் வடிப்பவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை இது. பல அடுப்புகளில் 400 வாட், 600 வாட் என்று வைத்தால் உண்மையில் அந்த வாட் தொடர்ந்து வராது. சில விநாடி முழு வேகத்தில் ஓடும், சில விநாடி நிற்கும், சராசரி 400 ஆகும். சோறு பொங்க அது பரவாயில்லை. வாலையில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆவி சுருங்கும், வெளிக்காற்று சுருளுக்குள் ஏறும், அடுத்த ஓட்டத்தில் கக்கும். காதை வைத்துக் கேளுங்கள்: அடுப்பின் ரீங்காரம் விட்டு விட்டு வந்தால் அதுதான் காரணம். ரீங்காரம் தொடர்ந்து கேட்கும் மிகக் குறைந்த எண்ணைக் கண்டுபிடித்து அதற்குக் கீழே போகாதீர்கள். அந்த வேகம் அதிகமாகப் பட்டால் பெரிய பாத்திரத்துக்கு மாறலாம்.

வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி, அதிலும் பி.ஐ.டி. கண்ட்ரோலர் வாங்கி மூடியில் சென்சரைச் செருகியவர்களுக்கும் இதே அறிகுறி. கருவியை 99-ல் வைத்தால் ஆவி சென்சரைத் தொட்டதும் ஹீட்டரை அணைத்துவிடும். சற்றுக் குளிர்ந்ததும் மூட்டும். 101-ல் வைத்தால் அந்த எண்ணை ஒருபோதும் எட்டாது, ஹீட்டர் அணையவே அணையாது. இரண்டு டிகிரிக்குள் எல்லாமோ ஒன்றுமில்லையோ ஆகிவிடுகிறது. கருவியில் பழுதில்லை, கொதிக்கும் நீருக்கு அது பொருத்தமில்லை, அவ்வளவுதான். வேண்டியது வாட்டைக் குறைக்கும் ரெகுலேட்டர்: 4,000 வாட் தாங்கும் டிரையாக் வகை, அலுமினிய வெப்பத்தகடோடு. அதுவும் ஹாட் பிளேட்டுக்கும் மூழ்கு ஹீட்டருக்கும் மட்டும். இண்டக்ஷனுக்குப் போடக் கூடாது. சுவரில் இருக்கும் ஃபேன் ரெகுலேட்டரை ஹீட்டரோடு இணைப்பது தீ விபத்துக்கு வழி. அது நூறு வாட் அளவுக்காகச் செய்யப்பட்டது.

மின்சாரத்தில் குறையில்லை என்றால் குழாயைக் கண்ணால் பாருங்கள். மூடியிலிருந்து வாளிவரை எங்காவது தொய்ந்து வளைந்திருந்தால் அந்தப் பள்ளத்தில் நீர் தேங்கும்; பின்னால் வரும் ஆவி அதை உந்தித் தள்ளும்போது "குபுக்" என்று கொட்டும். சுருளின் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடக் கீழே இருக்க வேண்டும். ஒரு சுற்று மேலேறியிருந்தாலும் போதும், இந்தத் தொல்லை தீராது.

வேகத்தை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. அடுப்பு எதுவானாலும், 100 மி.லி. நிரம்ப எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 3,760-ஐ அந்த நிமிடத்தால் வகுத்தால் ஆவியாக மாறும் உண்மையான வாட் கிடைக்கும். 1,000 வாட் இண்டக்ஷனில் 100 மி.லி.க்கு ஐந்தரை நிமிடம் ஆனால் 684 வாட் ஆவியாகிறது, மணிக்கு 1.1 லிட்டர். இதுதான் நாம் எடுத்துக்கொண்ட அமைப்புக்கு நல்ல வேகம். கேஸ் அடுப்பில் குமிழ் எந்த நிலையில் இந்த வேகம் வருகிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ரோஜாவுக்கு 100 மி.லி.க்கு 10 முதல் 12 நிமிடம் போதும்.

வடிநீர் சூடாக வருகிறது, வீடெல்லாம் மணக்கிறது

அறை மணக்கிறது என்றால் தைலம் பாட்டிலுக்குப் போகாமல் காற்றோடு போகிறது. சினியோலின் தீப்பற்றும் நிலை 50 டிகிரிக்கும் கீழே. குளிராத ஆவி கேஸ் சுடருக்குப் பக்கத்தில் வெளியேறுவது ஆபத்து. சேகரிக்கும் பாட்டிலை அடுப்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி, அடுப்பு மட்டத்துக்குக் கீழே வையுங்கள்.

எலுமிச்சைப் புல்லுக்கும் தைல இலைக்கும் வெளிவரும் நீர் 30 முதல் 35 டிகிரி இருக்கட்டும். கையில் பட்டால் சூடும் தெரியாது, குளிர்ச்சியும் தெரியாது. அதற்கு மேல் போனால் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 1.1 லிட்டர் வேகத்தில் சுருள் வெளியேற்ற வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 790 வாட். 28 டிகிரியில் இருக்கும் 20 லிட்டர் வாளி 43-க்கு ஏற 26 நிமிடம். அதாவது நீரோட்டம் இல்லாத வாளி அரை மணிக்கு மேல் தாங்காது. 5 கிலோ ஐஸ் போட்டால் உருகி, அந்த நீரும் 43-க்குச் சூடாவதுவரை இன்னொரு 55 நிமிடம் கிடைக்கும். ஐஸுக்குச் செலவழிப்பதைவிட, ஏர் கூலருக்குப் போடும் சின்ன பம்பு வாங்கி 100 லிட்டர் டிரம்மிலிருந்து சுற்றவிடுங்கள். அந்த டிரம் இரண்டு மணி நேரத்துக்குமேல் தாங்கும். குழாய் நீரென்றால் நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் போதும்.

நீரை வாளியின் அடியில் விட வேண்டும், மேலே வழிய வேண்டும். மாற்றி விட்டால் சுருளின் கடைசிச் சுற்று சூடான நீரில் நிற்கும், முழு ஓட்டமும் வீண். சென்னை போன்ற ஊர்களில் சித்திரை, வைகாசி மதியத்தில் மொட்டைமாடித் தொட்டி நீரே 38-ஐத் தாண்டிவிடும். 43-க்கு ஏற ஐந்து டிகிரிதான் மிச்சம், நீர் மூன்று மடங்கு வேண்டும். அந்த மாதங்களில் விடியலுக்கு முன் தொடங்குவதே சரி.

முதல் சில மாதம் நன்றாக ஓடிய சுருள் இப்போது குளிர்விக்கவில்லை என்றால், போர்வெல் நீரின் உப்பு மேல்சுற்றுகளில் வெள்ளையாகப் படிந்திருக்கும். லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்தால் கழன்றுவிடும்.

வெப்பமானி 100-ஐத் தொடவில்லை

சென்சர் ஆவி வெளியேறும் வாய்க்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் சுவரைத் தொட்டால் குறைவாகக் காட்டும். நொறுக்கிய ஐஸ் நீரில் 0 காட்டுகிறதா என்று சோதியுங்கள். இரண்டும் சரியென்றால் உங்கள் ஊரின் உயரம்தான் காரணம். 2,240 மீட்டரில் இருக்கும் உதகையில் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நீலகிரியில் தைல இலை வடிக்கும் கொட்டகைகள் அந்தச் சூட்டில்தான் நடக்கின்றன. அடுப்பைக் கூட்டி 100-க்கு ஏற்ற முயல வேண்டாம்; ஏறாது, இலை கக்கும்.

வெப்பமானி 102-ஐத் தாண்டுகிறது

சமவெளியில் இது நடந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அடுப்பை அணையுங்கள். திறந்த வாலையில் ஆவி 100-க்கு மேல் போக ஒரே வழி, உள்ளே அழுத்தம் ஏறுவது. 105 என்றால் வெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் கூடுதல். எங்கோ அடைத்திருக்கிறது.

அணைத்தபின் 20 நிமிடம் மூடியைத் தொடாதீர்கள். பாத்திரத்தின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சொட்டு தானாக நின்று, மூடி கை வைக்கும் சூட்டுக்கு வந்தபின் திறந்து பாருங்கள். பெரும்பாலும் இலைத்துண்டு ஏறி வாயை அடைத்திருக்கும். மூடியின் உள்பக்கம் எவர்சில்வர் வலை ஒன்றை வளைத்துப் பொருத்துங்கள், இலைக்கும் மூடிக்கும் இடையே 4 செ.மீ. விடுங்கள். குழாய் மடிந்திருக்கலாம். ஓமம் என்றால் படிகம் கட்டியிருக்கலாம். அதைக் கடைசிப் பகுதியில் பார்ப்போம்.

பிரஷர் குக்கரை வாலையாக்கியவர்களுக்கு இது இரட்டை எச்சரிக்கை. வெயிட் உட்காரும் துளை சில மி.மீ. அகலம்தான், புதினாத் தண்டின் ஒரு நார் போதும் அடைக்க. சேஃப்டி வால்வை எக்காரணத்துக்கும் கழற்றவோ அடைக்கவோ கூடாது. குழாய்க்கு ரப்பர் டியூப் போடாதீர்கள். சிட்ராலும் சினியோலும் ரப்பரை ஊதவைத்து உள்வழியைக் குறுக்கிவிடும், தைலமும் டயர் வாடை அடிக்கும். செம்பு, எவர்சில்வர் அல்லது டெஃப்லான் குழாய் போடுங்கள்.

சேகரிக்கும் பாட்டிலில் குழாயின் நுனி நீருக்குள் மூழ்கியிருக்கக் கூடாது. அடுப்பு அணைந்ததும் உள்ளே ஆவி நீராகிச் சுருங்கும். நுனி மூழ்கியிருந்தால் வடித்த நீர் முழுவதையும் பாத்திரம் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

தீய்ந்த வாடை, வெந்த வாடை

இரண்டும் ஒன்றல்ல. வெந்த கீரை போன்ற பச்சை வாடை புதிதாய் வடித்த எந்தத் தீநீரிலும் கொஞ்சம் இருக்கும். பாட்டிலின் வாயைச் சுத்தமான பருத்தித் துணியால் கட்டி இரண்டு நாள் முதல் ஒரு வாரம் குளிர்ந்த இடத்தில் வைத்தால் போய்விடும். தீய்ந்த வாடை போகாது, கொட்டிவிட வேண்டியதுதான்.

தீய்வது எப்போதும் பாத்திரத்தின் அடியில். தட்டிலிருந்து நழுவிய இலை அடியில் ஒட்டும், அல்லது நீர் வற்றிவிடும். 4 லிட்டர் ஊற்றினால் இரண்டரை லிட்டர் வடிந்ததும் நிறுத்துவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். அளவுக்குறியுள்ள பாட்டிலில் பிடித்தால் உள்ளே எட்டிப் பார்க்கத் தேவையில்லை. இதழ்களை நீரிலேயே போட்டு வடிக்கும் ரோஜாவுக்கு மூழ்கு ஹீட்டர் வேண்டவே வேண்டாம். இதழ் ஹீட்டர் கம்பியில் ஒட்டிய இடத்தில் உடனே கருகும்.

நீர் நன்றாக வடிகிறது, தைலம் மட்டும் காணோம்

முதலில் எவ்வளவு வர வேண்டும் என்று பாருங்கள். பச்சை எலுமிச்சைப் புல்லில் எடையில் 0.2 முதல் 0.5%; ஆக 1.5 கிலோவுக்கு 3 முதல் 8 மி.லி. ஓமத்தில் 2 முதல் 4%. தைல இலையில் 1% அளவு. ரோஜாவில் 0.02 முதல் 0.04% மட்டுமே, ஒரு கிலோ இதழில் அரை மி.லி.கூட இல்லை, அதுவும் நீரிலேயே கரைந்துவிடும். வீட்டு வாலையில் ரோஜாத் தைலம் கண்ணில் படாது, பன்னீர்தான் வரும். அது உங்கள் குற்றமில்லை.

எலுமிச்சைப் புல்லில் தைலம் வராவிட்டால், வடித்து முடித்தபின் மூடியைத் திறந்து படுகையைப் பாருங்கள். சரியாக வடிந்த புல் முழுவதும் மங்கிய பழுப்புப் பச்சையாகத் துவண்டு கிடக்கும். ஒரு பக்கம் துவண்டு, மறுபக்கம் வைத்தபோது இருந்த அதே பளிச்சென்ற பச்சையில் விறைத்து நின்றால், ஆவி ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து அதன் வழியாகவே ஏறிப் போயிருக்கிறது. புல்லை ஒரு நாள் நிழலில் வாடவிட்டு, 3 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, விளிம்பில் சற்று இறுக்கமாகவும் நடுவில் தளர்வாகவும் அடுக்குங்கள். பாத்திரத்தின் சுவரை ஒட்டித்தான் ஆவி எளிதில் வழி தேடும். ஓமத்தை வடிக்கும் நேரத்தில் ஒன்றிரண்டாக இடியுங்கள். முந்தின நாளே இடித்துவைத்தால் வாசம் இரவோடு போய்விடும். இடிக்காமல் போட்டால் மூன்று மணி நேரத்திலும் முழுதாக வராது.

அடுப்பைக் கூட்டினால் தைலம் வேகமாக வரும் என்று நினைப்பது இன்னொரு தவறு. தைலம் இலையின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வர நேரமெடுக்கும். அந்த வேகத்தைத் தாண்டி ஆவியை அனுப்பினால் கூடுதலாக வருவது வெறும் நீர்தான். அது தைலத்தில் ஒரு பகுதியைக் கரைத்துக்கொண்டும் போகும்.

எப்போது நிறுத்துவது என்பதைக் கடிகாரத்திடம் கேட்காதீர்கள். 20 நிமிடத்துக்கு ஒரு கண்ணாடிப் பாட்டிலாக மாற்றி வரிசையாக வையுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் முதல் இரண்டில் மேலே மஞ்சள் வளையம், அடுத்ததில் எண்ணெய்ப் பொட்டுகள், பிறகு மெல்லிய பளபளப்பு, பிறகு எதுவும் இல்லை. பளபளப்பு மறைந்த பாட்டிலோடு நிறுத்துங்கள். எலுமிச்சைப் புல்லுக்கு இது பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் வரும்.

வெட்டிவேர் இந்தக் கணக்குக்குள் வராது. அதன் வாசப்பொருள்கள் கனமானவை, நீராவியோடு மிக மெதுவாகவே வரும். கடலூர்க் கரையோர மணலில் விளையும் நல்ல வேரானாலும் முழுதாக வடிக்க 18 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். வீட்டில் மூன்று மணி நேரம் ஓட்டினால் கிடைப்பது மணமான நீர். அதில் நிறைவு காணுங்கள். தைலம்தான் வேண்டுமென்றால் வடிநீரை மறுபடி பாத்திரத்திலேயே ஊற்றி ஓட்டுங்கள். அதன் தைலத்தின் அடர்த்தி நீரை ஒட்டியே இருப்பதால் சில துளி மிதக்கும், சில துளி அடியில் கிடக்கும். மேலே மட்டும் தேடி "வரவில்லை" என்று கொட்டிவிடாதீர்கள். கிராம்பும் அப்படித்தான், அதன் தைலம் மூழ்கும்.

வடிநீர் கலங்கலாக, நிறத்தோடு வருகிறது

பால் போன்ற வெண்மை ஓமத்திலும் சோம்பிலும் நல்ல அடையாளம். நுண்துளிகளாகத் தைலம் நிற்கிறது. அசைக்காமல் ஒரு நாள் வைத்தால் தெளியும்.

மஞ்சளோ பழுப்போ பச்சையோ கலந்திருந்தால் பாத்திரத்து நீரே நுரைத்துக் குழாய்க்குள் ஏறியிருக்கிறது. சமையலறையில் ஆர்.ஓ. நீரைச் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் விட்டுப் பாருங்கள். சரியாக வடிந்த நீர் 20-க்குள் காட்டும். அதற்கு வெகு மேலே போனால் ஏற்றம் உறுதி. அந்த நீரை வைத்திருந்தால் சில நாளில் நூல் நூலாகப் பூஞ்சை மிதக்கும். அடுத்த முறை நீரைக் குறைத்து, கொதிக்கும் தறுவாயில் அடுப்பைப் பாதியாக இறக்கி, முதல் சொட்டு வந்தபின் மெல்லக் கூட்டுங்கள்.

நீலம் கலந்த பச்சை என்றால் செம்புக் களிம்பு. குடிக்கவோ முகத்தில் தெளிக்கவோ கூடாது. சுருளைச் சிட்ரிக் அமில நீரால் கழுவி, மூலிகையில்லாமல் வெறும் நீரை அரை லிட்டர் வடித்துக் கொட்டுங்கள். இணைப்புகளில் ஈயம் கலந்த சாதாரணப் பற்று (சால்டர்) வைத்திருந்தால் அந்தக் குழாயையே மாற்றிவிடுங்கள்.

ஓமம் வடிக்கையில் சொட்டு மெலிந்து நின்றே விடுகிறது

தைமால் 50 டிகிரியில்தான் உருகும். தைமால் மிகுந்த ஓமத் தைலம் ஐஸ் வாளிக்குள் போனால் சுருளின் கடைசிச் சுற்றுகளில் வெள்ளைப் படிகமாக உறையலாம். புதினாவின் மென்தாலும் 42-க்குக் கீழே இப்படித்தான். வேகம் மெலிவதைக் கண்டதும் அடுப்பை அணைத்து, சொட்டு நின்றபின் வாளியின் குளிர்நீரை இறைத்துவிட்டு 60, 65 டிகிரி வெந்நீரை ஊற்றுங்கள். சில நிமிடத்தில் படிகம் உருகித் தைலமாக வழியும். பாட்டிலை எடுத்துவிடாதீர்கள், அந்த ஓட்டத்தின் கெட்டியான பங்கு அதில்தான் இருக்கிறது. பிறகு ஐஸ் இல்லாமல், குளிர்நீரின் ஓட்டத்தைக் குறைத்து, வடிநீர் 40 முதல் 45 டிகிரியில் வரும்படி வைத்து மீண்டும் தொடங்குங்கள். இந்தச் சூட்டில் கொஞ்சம் வாசம் காற்றோடு போகும். அடைப்போடு ஒப்பிட்டால் அது சிறிய இழப்பு. பாட்டிலின் கழுத்தில் பஞ்சைத் தளர்வாக வைத்தால் அதுவும் குறையும். காற்றுப் போக வழி இருக்க வேண்டும், இறுக அடைத்துவிடக் கூடாது.